பிரக்ஞையை அறிவியல் என்றைக்காவது விளக்கிவிடுமா? ஒரு மயக்க மருத்துவரின் பதில்

கேள்வி இதுதான்: மனிதப் பிரக்ஞையை அறிவியல் ஒருநாள் விளக்கிவிடுமா, இல்லை அது என்றைக்குமே நம் அறிவுக்கு எட்டாத விஷயமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை எந்த நிலையில் இருந்தால் பிரக்ஞை இருக்கும், எந்த நிலையில் இருக்காது, ஏன் ஒரு நிலையில் நிறம் தெரிகிறது, இன்னொன்றில் வலி தெரிகிறது என்பதெல்லாம் விளக்கப்பட்டுவிடும். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். "அதெல்லாம் சரி சார், நரம்பில் ஓடும் மின்சாரம் ஏன் 'எனக்கு வலிக்கிறது' என்ற அனுபவமாக வேண்டும்?" என்று அதற்குப் பிறகும் ஒருவர் எழுந்து கேட்பார். அவரை உட்காரவைக்கும் பதில் வருமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நான் மயக்க மருந்து கொடுப்பவன். தத்துவம் படித்தவர்கள் பேசிப் பேசி மாயும் இந்தப் பொருளை நாங்கள் ஆபரேஷன் தியேட்டரில் தினமும் ஊசி போட்டு நிறுத்தி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவருகிறோம். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் பலர் முன்னிலையில் ஒரு நோயாளிக்கு ஈதரை முகரவைத்தார். அவர் கழுத்திலிருந்த கட்டியை அறுவை மருத்துவர் அகற்றினார். அன்றிலிருந்து இன்றுவரை, என்ன செய்கிறோம் என்பது முழுதாகப் புரியாமலேயே இந்தத் தொழிலைப் பத்திரமாகச் செய்துவருகிறோம். இப்போது நாங்கள் போடும் புரோபோஃபால் மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரியும். காபா-ஏ என்ற ஏற்பிகளில் ஒட்டி, நரம்பணுக்களை அடக்கும் சமிக்ஞையைப் பலப்படுத்துகிறது. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குலைகிறது என்பதும் தெரியும். அங்கிருந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் காணாமல் போவது வரைக்குமான வழிதான் இன்னும் முழுதாகப் போடப்படவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. பொதுமக்களிடம் அதிகம் சொல்வதில்லை, பயந்துவிடுவார்கள் என்று. அறுவைக்கு முன் தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுப்போம். அது ஏறிவிட்டால் விழித்திருந்தாலும் விரலை அசைக்க முடியாது. அந்த மருந்து கொடுப்பதற்கு முன்பே ஒரு கையின் மேற்பகுதியில் இரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி இறுக்கிவிட்டால் மருந்து அந்த முன்கைக்குப் போகாது. உடம்பு முழுவதும் அசைவற்றுக் கிடக்கும், அந்த ஒரு கை மட்டும் அசையக்கூடியதாக இருக்கும். பிறகு காதருகே குனிந்து, "நான் சொல்வது கேட்டால் என் கையை அழுத்துங்கள்" என்று சொல்வது. 2017இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 260 பேரிடம் இதைச் செய்து வெளியிட்டார்கள். சுவாசக் குழாய் போட்ட பிறகு 12 பேர் கையை அழுத்தினார்கள். கிட்டத்தட்ட இருபதில் ஒருவர். இப்படிப் பதில் சொல்பவர்களைப் பிறகு கேட்டால் பொதுவாக எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

இந்த 12 பேரும் அந்த நேரத்தில் பிரக்ஞையோடு இருந்தார்களா? சொன்னதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள், புரிந்ததற்கேற்பச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குள் ஏதாவது அனுபவம் நிகழ்ந்ததா, இல்லை அனுபவமே இல்லாமல் கை மட்டும் பதில் சொன்னதா? அவர்களிடமே கேட்கலாம் என்றால் நினைவு இல்லை. உங்கள் கேள்வியின் கஷ்டம் முழுவதும் எனக்கு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிரக்ஞை இருக்கிறதா என்று அறிய நம்மிடம் உள்ள ஒரே வழி, சம்பந்தப்பட்டவர் சொல்வது. சொல்ல முடியாதவரிடம், அல்லது சொன்னதை மறந்துவிட்டவரிடம், நாம் குருடர்கள்.

சொல்வதையும் முழுக்க நம்பிவிட முடியாது. 1970களில் லாரன்ஸ் வைஸ்கிராண்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு நோயாளியை ஆராய்ந்தார். அறுவையில், மூளையில் பார்வையைக் கையாளும் பார்வைப் புறணியின் வலப்பக்கம் எடுக்கப்பட்டதால் இடப்பக்கம் அவருக்கு எதுவும் தெரியாது. "ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் அவரும் சொன்னார். "பரவாயில்லை, குத்துமதிப்பாகக் காட்டுங்கள், வெளிச்சம் எங்கே?" என்றபோது ஆச்சரியப்படும் அளவுக்குச் சரியாகக் காட்டினார். கண் பார்க்கிறது, மூளை பயன்படுத்துகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. பார்ப்பது வேறு, பார்க்கிறோம் என்ற அனுபவம் வேறு என்று பிரித்துக் காட்டும் இதுபோன்ற நோயாளிகள்தான் இந்தத் துறைக்குப் பெரிய கொடை. தத்துவக் கட்டுரைகளைவிட இவர்களிடம் நான் அதிகம் கற்றிருக்கிறேன்.

எதிர்த்திசையிலும் உதாரணம் இருக்கிறது. 2005 ஜூலையில் பிரிட்டனில் 23 வயதுப் பெண் ஒருவர் சாலை விபத்தில் தலையில் அடிபட்டார். ஐந்து மாதம் கழித்தும் கண் திறக்கும், மூடும். கூப்பிட்டால் பதில் இல்லை. எல்லா விதிகளின்படியும் அவர் உணர்வற்ற நிலையில் இருப்பவர். நரம்பியலாளர் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும் அந்தப் பெண்ணை, மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றார்கள். பிறகு, "உங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள்." முதல் கட்டளைக்கு உடல் அசைவைத் திட்டமிடும் பகுதியும், இரண்டாவதற்கு இடங்களை அடையாளம் காணும் பகுதியும் வேலை செய்தன. ஆரோக்கியமானவர்களின் மூளைப் படங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. 2006இல் இது வெளியானபோது, "அது தானாக நடக்கும் எதிர்வினையாக இருக்கக்கூடாதா" என்று பலர் மடக்கினார்கள். 2010இல் இதே முறையில் இன்னொரு நோயாளி, டென்னிஸ் என்றால் ஆமாம், வீடு என்றால் இல்லை என்று வைத்துக்கொண்டு, தன் தந்தையின் பெயர் குறித்த கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னார். அதன்பிறகு மடக்குவது குறைந்தது. 2024இல் வெளியான பல நாட்டு ஆய்வில், படுக்கையருகே எந்தக் கட்டளைக்கும் அசையாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளைக்கு இணங்கி வேலை செய்தது தெரிந்தது. நான்கில் ஒருவர். ஐசியூ வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு இந்த எண்ணின் கனம் புரியும்.

எனவே, கேட்காமலே அளக்க ஒரு வழி வேண்டும். எங்களிடம் பிஸ் என்ற மானிட்டர் இருக்கிறது. நெற்றியில் ஒட்டிய பட்டையிலிருந்து மூளை அலைகளை வாங்கி 0 முதல் 100 வரை ஒரு எண் காட்டும். 40க்கும் 60க்கும் நடுவே வைத்துக்கொள்வது வழக்கம். உபயோகமானதுதான், ஆனால் அது பிரக்ஞையை அளக்கவில்லை. கீட்டமின் என்ற இன்னொரு மயக்க மருந்தைக் கொடுத்துப் பாருங்கள், நோயாளி கட்டையாகக் கிடப்பார், எண் மேலே ஏறும்.

இதைவிட நேர்மையான முயற்சி இத்தாலியில் மார்செல்லோ மாசிமினி குழுவினர் செய்தது. மண்டைக்கு வெளியிலிருந்து ஒரு காந்தத் துடிப்பால் மூளையை லேசாகத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டலின் எதிரொலி மூளை முழுக்க எப்படிப் பரவுகிறது என்று மின்முனைகளால் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவை, கணினியில் கோப்பைச் சுருக்குவோமே, அதேபோலச் சுருக்குகிறார்கள். ஆழ்ந்த உறக்கத்தில் எதிரொலி தட்டிய இடத்திலேயே அடங்கும், அல்லது மூளை முழுக்க ஒரே மாதிரி அலையும். இரண்டையுமே எளிதில் சுருக்கிவிடலாம். விழிப்பில் எதிரொலி பரவலாகவும் இடத்துக்கு இடம் வேறுபட்டும் இருப்பதால் சுருக்க முடியாது. கிடைக்கும் எண் 0.31க்கு மேலே என்றால் பிரக்ஞை உண்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். புரோபோஃபாலில் அது இறங்குகிறது. கீட்டமினில் இறங்குவதில்லை, அதைப் போட்டுக்கொண்டவர்கள் விழித்ததும் விலாவாரியாகக் கனவுகளைச் சொல்கிறார்கள். எனக்கு இந்த முறையில் நம்பிக்கை வந்ததே அந்தக் கீட்டமின் முடிவைப் பார்த்துத்தான். குறைந்தபட்சப் பிரக்ஞை இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த 38 பேரில் 36 பேரை அது சரியாகக் காட்டியது. உணர்வற்றவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட 43 பேரில் 9 பேருக்கு எண் உயரமாக வந்தது. அந்த 9 பேரும் யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

எத்தனை நரம்பணு என்பது பிரக்ஞையைத் தீர்மானிப்பதில்லை என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அதில் 6,900 கோடி சிறுமூளையில். சிறுமூளையே இல்லாமல் பிறந்தவர்கள் இருக்கிறார்கள். நடை தள்ளாடும், பேச்சு குழறும், ஆனால் ஆள் நம்மைப் போலவே விழிப்போடு இருப்பார். எண்ணிக்கையில் முக்கால் பங்குக்கு மேல் போயும் அனுபவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், இணைப்பு அமைந்திருக்கும் விதத்தில்தான் ஏதோ இருக்கிறது.

இந்த அளவீட்டில் ஒரு வட்டம் இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். சொல்லக்கூடியவர்களை வைத்துக் கருவியைச் சரிபார்க்கிறோம், பிறகு சொல்ல முடியாதவர்கள்மேல் அதைப் பயன்படுத்துகிறோம். இது மோசடி என்று நினைப்பவர்களுக்கு வெப்பமானியின் கதையைச் சொல்வேன். ஒரு கையை வெந்நீரிலும் ஒரு கையைக் குளிர்ந்த நீரிலும் வைத்துவிட்டு இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் விடுங்கள். ஒரு கை ஜில் என்கும், மற்றது சுடுகிறது என்கும். ஆனாலும் முதல் வெப்பமானிகளை இந்த நம்பமுடியாத தோலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். வேறு என்ன இருந்தது? கருவி கொஞ்சம் தேறியதும் தோலையே திருத்தியது. பாதரச வெப்பமானி ஒன்று சொல்லும், சாராய வெப்பமானி வேறொன்று சொல்லும், அதற்குச் சண்டை. வெப்பம் என்றால் உண்மையில் என்ன என்பது மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மான் என்ற இயற்பியலாளர்கள் காலத்தில், சுமார் இரண்டரை நூற்றாண்டு கழித்துத்தான் தெளிந்தது. அளவும் கோட்பாடும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஏறின. பிரக்ஞை ஆராய்ச்சி இப்போது பாதரசத்துக்கும் சாராயத்துக்கும் சண்டை நடக்கும் கட்டத்தில் இருக்கிறது.

இங்கேதான் டேவிட் சால்மர்ஸ் குறுக்கிடுவார். 1994இல் அரிசோனாவின் டூசான் நகரில் நடந்த மாநாட்டில் அந்த இளம் தத்துவவாதி ஒரு பிரிவினை செய்தார். கவனம், நினைவு, பேச்சு, விழிப்பு இவையெல்லாம் மூளை எப்படிச் செய்கிறது என்பவை எளிய பிரச்சினைகள். எளியவை என்றால் நூறு வருடம் ஆகலாம், ஆனால் வழி தெரியும். இவற்றையெல்லாம் விளக்கிய பிறகும், இந்த வேலைகள் ஏன் இருட்டில் நடக்காமல் அனுபவத்தோடு நடக்கின்றன என்ற கேள்வி மிஞ்சும். அது கடினமான பிரச்சினை. கேள்வி புதிதல்ல. 1872இல் ஜெர்மன் உடலியலாளர் எமில் டு புவா-ரேமோன் லைப்ஸிக் நகரில் இதையே சொல்லி, இது நமக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை என்று லத்தீனில் முடித்தார். நரம்பில் மின்சாரம் ஓடுவதை ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர் என்பதால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

'என்றைக்குமே முடியாது' என்று சொன்னவர்களின் வரலாறு அவ்வளவு நன்றாக இல்லை. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்று மனிதன் அறியவே முடியாது என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகஸ்ட் கோம்ட், 1835இல். 1859இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் கிர்ஹாஃபும் புன்சனும் நிறமாலையை வைத்து அதற்கான வழியைத் திறந்துவிட்டார்கள். உயிர் என்பது தனிச் சக்தி, வேதியியலுக்கு அடங்காது என்றார்கள். இன்று அந்தச் சக்தியை யாரும் தேடுவதில்லை. பிரக்ஞைக்கும் இதுவே நடக்கும் என்று என் சக மருத்துவர்கள் பலரும் சொல்வார்கள்.

எனக்கு இந்த வாதம் பாதிதான் செல்லும். உயிர் விஷயத்தில் விளக்கவேண்டியிருந்தவை எல்லாமே செயல்கள்: செரிப்பது, வளர்வது, பெருகுவது. செயலை இயந்திர விளக்கத்தால் தீர்க்கலாம். அனுபவம் அப்படிப்பட்டதாகத் தெரியவில்லை. வெப்பமானி உதாரணத்திலும் இதே ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். வெப்பத்தை விளக்கியபோது 'சுடுகிறது' என்ற உணர்வை நாம் விளக்கவில்லை. அது வெப்பத்தில் இல்லை, உன் மனத்தில் இருக்கிறது என்று ஓரமாகத் தள்ளிவிட்டோம். இந்தத் தள்ளலைக் கொள்கையாகவே எழுதிவைத்தவர் கலிலியோ. 1623இல், சுவை, மணம், நிறம் எல்லாம் உணரும் உயிரிடம்தான் இருக்கின்றன, அந்த உயிரை எடுத்துவிட்டால் அவையும் போய்விடும் என்றார்; பொருளுக்கு அளவு, வடிவம், எண், இயக்கம் போதும் என்றார். இயற்பியல் இத்தனை வேகமாக ஓடியதற்கு அந்தச் சுமையை இறக்கிவைத்ததும் ஒரு காரணம். நானூறு வருடம் கழித்து, இறக்கிவைத்த மூட்டையையே அதே இயற்பியலிடம் கொடுத்து விளக்கச் சொல்கிறோம். அது திணறுவதில் என்ன ஆச்சரியம்?

ஓர் ஒப்பீடு, கொஞ்சம் விலகல்தான். ஐரோப்பாவில் கோடு மனத்துக்கும் உடலுக்கும் நடுவே விழுந்தது. நம் சாங்கியத்திலும் சைவ சித்தாந்தத்திலும் மனம், புத்தி, அகங்காரம் எல்லாமே சடம். சித்தாந்தம் அவற்றை மாயையிலிருந்து தோன்றிய கருவிகள் என்றே சொல்லும். அறியும் ஒன்று மட்டும் அவற்றுக்கு அப்பால். சிந்தனையை இயந்திரம் செய்யும், அனுபவம்தான் பிரச்சினை என்று சால்மர்ஸ் கோடு போட்ட இடமும் அதற்கு மிக அருகில்தான். இதனால் சித்தாந்தம் நிரூபணமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். கோடு எங்கே விழவேண்டும் என்பதில் நம்மவர்கள் கூர்மையாக யோசித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குவாண்டம் இயற்பியல் இதைத் தீர்த்துவிட்டது என்று சொல்பவர்களுக்கும் ஒரு வரி: ஒரு புதிருக்குப் பக்கத்தில் இன்னொரு புதிரை வைத்தால் விடை வராது.

அப்படியானால் சால்மர்ஸ் ஜெயித்துவிட்டாரா? இல்லை என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். அனுபவத்தின் தன்மைகள் துண்டு துண்டாக விளக்கத்துக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. நீலம் கலந்த பச்சையை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிவப்பு கலந்த பச்சையை யாருமே சாதாரணமாகப் பார்ப்பதில்லை. ஏன்? கண்ணிலிருந்து போகும் பாதையில் சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று எதிர்க்கும் ஜோடியாகக் கையாளப்படுவது அதற்குப் பெருமளவு காரணம். இது வெறும் செயலைப் பற்றிய விளக்கமல்ல, பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்பதைப் பற்றியது. இப்படி நூறு விஷயங்கள் விளங்கிவிட்டால் மிச்சம் நிற்கும் கேள்வி இப்போதிருக்கும் உயரத்தில் இருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்றை எடுத்துக்கொடுத்தவர் சால்மர்ஸேதான், 2018இல். 'பிரக்ஞையை விளக்கவே முடியாது' என்று நாம் ஏன் சொல்கிறோம்? சொல்வது ஒரு செயல். நாக்கு அசைகிறது, அதற்கு மூளை காரணம். எனவே அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு முழு இயந்திர விளக்கம் இருந்தாக வேண்டும். 2024இல் மறைந்த தத்துவவாதி டேனியல் டென்னட் போன்றவர்கள், அந்த விளக்கம் கிடைத்த அன்று கடினமான பிரச்சினை கரைந்துவிடும், அது மூளை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு கதை என்றார்கள். எனக்கு வலிக்கும்போது அந்த வலி கதை என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. ஆனால் அப்படி மனம் வராததும் அதே மூளையின் வேலைதானே என்று அவர்கள் கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியாக அந்தப் பந்தயம். 1998இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில், நரம்பியலாளர் கிறிஸ்டாஃப் கோக் சால்மர்ஸிடம் ஒரு பெட்டி ஒயின் பந்தயம் கட்டினார். 25 வருடத்துக்குள் மூளையில் பிரக்ஞையின் தெளிவான தடயம் கண்டுபிடிக்கப்படும் என்று. கவனியுங்கள், கடினமான பிரச்சினை பந்தயத்திலேயே இல்லை. எளிய பக்கம் மட்டும்தான். 2023 ஜூனில் நியூயார்க்கில் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயினைக் கொடுத்தார். அதே மேடையில் ஒரு பெரிய ஆய்வின் முடிவுகளும் வந்தன. பிரக்ஞை மூளையின் பின்பகுதியில் ஒருங்கிணையும் தகவல் என்பது ஒரு கோட்பாடு. முன்பகுதியையும் சேர்த்து மூளை முழுக்க ஒலிபரப்பாகும் தகவல் என்பது இன்னொன்று. இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து, என்ன முடிவு வந்தால் யாருக்குத் தோல்வி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். 256 பேரிடம் மூன்று விதமான கருவிகளால் சோதித்தார்கள். படம் திரையில் நிற்கும்வரை பின்பகுதியில் நீடிக்கவேண்டிய ஒத்திசைவு நீடிக்கவில்லை. படம் மறையும்போது முன்பகுதியில் எழவேண்டிய அலை எழவில்லை. இரண்டு பேருக்கும் அடி. சில மாதங்களில், முதல் கோட்பாடு போலி அறிவியல் என்று 124 பேர் கையெழுத்திட்டுக் கடிதம் விட்டார்கள். அது அநாவசியம் என்பது என் கருத்து. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, சோதனையில் அடிவாங்கத் தயாராக இருக்கும் கோட்பாட்டைப் போலி என்று எப்படிச் சொல்வது?

கோக் மறுபடியும் அதே பந்தயத்தை 2048க்குக் கட்டியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்தமுறை அவர் பக்கம் நிற்பேன். ஒரே நிபந்தனை: யார் ஜெயித்தார்கள் என்பதை மாநாட்டு மேடையில் தீர்மானிக்கக் கூடாது. அசைவற்றுக் கிடக்கும் நோயாளிகளில் யாருக்குள் அனுபவம் நடக்கிறது என்று ஒரு கருவி முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களில் தேறி எழுந்தவர்கள் பிறகு சொல்வதோடு அது ஒத்துப்போக வேண்டும். கையை அழுத்திவிட்டு மறந்துபோன அந்த 12 பேரைப் போன்றவர்கள் விஷயத்தில் மட்டும் என்ன செய்வது என்று எனக்கு இன்னும் ஒரு யோசனையும் இல்லை.